உறைந்த ரத்தம் ஏன் மறுநாள் கசிகிறது?

கேள்வி: எனக்கு வயது 61. காரைக்குடிப் பக்கம் ஊர். மூத்த மகளை என் அண்ணன் மகனுக்கே கொடுத்தோம். கோவில் வேறு, முறையான சம்பந்தம்தான். மூன்று வயதில் ஒரு பேரன். பிறந்த ஒன்பதாம் நாள் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் கசிய ஆரம்பித்தது, பன்னிரண்டு நாள் நிற்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்து எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை வயதில் உதடு கிழிந்தது. நின்ற ரத்தம் மறுநாள் மறுபடி வந்தது. போன வருஷம் வீட்டுக்குள் வளவுப் படியில் விழுந்தான். அப்போது ஒன்றுமில்லை, விளையாடிக்கொண்டுதான் இருந்தான். மறுநாள் சாயங்காலம் வாந்தி, மயக்கம். தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதில் ஃபேக்டர் 13 குறைபாடு, மரபணு நோய் என்று தெரிந்தது. இப்போது மாதம் ஒருமுறை, தானம் வந்த ரத்தத்திலிருந்து பிரித்த கிரையோ என்பதை ஏற்றுகிறோம். 'எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது, பெண் கொண்டுவந்தது' என்கிறாள் அண்ணி. எனக்குச் சம்பந்தி வீடும் பிறந்த வீடும் ஒன்று, யாரிடம் போய் அழுவது? இளையவளை அண்ணனின் இளைய மகனுக்குப் பேசி வைத்திருக்கிறோம். செய்யலாமா? பேரனுக்கு ஆயுசு முழுக்க இப்படித்தானா? இதைக் கேட்கலாமா தெரியவில்லை, அவனுக்கு இன்னும் காது குத்தவில்லை. குத்தலாமா?

பதில்: ஆச்சிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் 'மறுநாள்' என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது. உதடு கிழிந்தபோது மறுநாள், படியில் விழுந்தபோதும் மறுநாள். நீங்கள் அதை வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். ஒரு ரத்தவியல் மருத்துவராக எனக்கு அந்தச் சொல்தான் நோயின் பெயரையே சொல்லிவிட்டது. ரத்தம் உறையாமல் போவது ஒரு வகை. உங்கள் பேரனுக்கு ரத்தம் நன்றாகவே உறைகிறது, உறைந்தது நிலைக்காமல் கரைந்து போகிறது. அதனால்தான் அடிபட்ட அன்று ஒன்றும் தெரிவதில்லை, மறுநாள் கசிகிறது.

நம் ஊரில் கொட்டான் முடைவதைப் பார்த்திருப்பீர்கள், நீங்களே முடைந்தும் இருப்பீர்கள். ஓலையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி முடித்தவுடன் கொட்டான் வடிவம் வந்துவிடும். ஆனால் நுனிகளை மடக்கி உள்ளே செருகாமல் விட்டால் என்ன ஆகும்? பார்க்க முழுக் கொட்டான் மாதிரியே இருக்கும், நாலு வெற்றிலையை வைத்துத் தூக்கினால் பிரிந்துவிடும். காயத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. முதலில் தட்டணுக்கள் ஓடிவந்து ஓட்டையை அடைக்கின்றன. அப்புறம் ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம், ஃபைப்ரின் என்ற மெல்லிய இழைகளாக மாறி அதன் மேல் வலை பின்னுகிறது. கடைசியாக வருவதுதான் ஃபேக்டர் 13. இழையை இழையோடு பிணைத்து, அவிழாதபடி முடிச்சுப் போடுவது அதன் வேலை. இன்னொன்றும் செய்கிறது. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் சக்தி நம் உடம்பிலேயே இருக்கிறது. காயம் ஆறிய பிறகுதான் அது வேலை செய்யவேண்டும். அதற்கு முன்னால் கை வைத்துவிடாமல் தடுக்கும் ஒரு காவல் புரதத்தை அந்த வலையிலேயே கட்டி வைப்பதும் ஃபேக்டர் 13தான். முடிச்சும் இல்லை, காவலும் இல்லை என்றால் ஒரு நாள், ஒன்றரை நாளில் வலை கரைந்து மறுபடி கசியும்.

பிறந்த குழந்தைக்குச் செய்த சோதனையெல்லாம் ஏன் நார்மல் என்று வந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. வழக்கமாகச் செய்வது தட்டணு எண்ணிக்கை, பி.டி., ஏ.பி.டி.டி. என்ற சோதனைகள். பின்னவை இரண்டும் ரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பவை. வலை பின்னி முடிந்ததும் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். ஃபேக்டர் 13 வேலையைத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். ஆக அந்தச் சோதனைகளில் இந்தக் குறை தெரிய வழியே இல்லை. இதற்கென்று தனியாக, உறைந்த ரத்தக் கட்டியை யூரியாக் கரைசலில் போட்டு வைத்துப் பார்க்கவேண்டும். நல்ல கட்டி 24 மணி நேரம் ஆனாலும் அப்படியே கிடக்கும். ஃபேக்டர் 13 இல்லாத கட்டி சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ கரைந்துவிடும். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாத சோதனை. செய்யவேண்டும் என்று யாருக்காவது தோன்றவேண்டும், அவ்வளவுதான்.

இதை எழுதும்போது என் பயிற்சிக் காலத்தில் வந்த ஒரு தாயின் முகம் கண்ணுக்குள் நிற்கிறது. தொப்புளில் கசிவு என்று கைக்குழந்தையோடு வந்தார். ரிப்போர்ட் எல்லாம் நார்மல், பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். ஏழு மாதம் கழித்து அதே குழந்தை தலைக்குள் ரத்தக்கசிவோடு வந்தது. பிழைக்கவில்லை. இந்தக் குறை உள்ள குழந்தைகளில் சுமார் 100க்கு 80 பேருக்குத் தொப்புள்கொடியில்தான் முதல் கசிவு வருகிறது. தலைக்குள் கசிவு சுமார் 100க்கு 30 பேருக்கு. ரத்தக்கசிவு நோய்களில் தலைக்குள் கசிவது இவ்வளவு அதிகமாக வேறெதிலும் இல்லை என்றே சொல்லலாம். அதனால் பச்சிளம் குழந்தைக்குத் தொப்புளில் ரத்தம் நிற்காமல் கசிந்து, மற்ற சோதனையெல்லாம் சரியாக இருந்தால், 'ஃபேக்டர் 13 பார்த்தீர்களா?' என்று கேளுங்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கும் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். வீட்டில் வலிப்பது அங்கேதான் என்று தெரிகிறது.

ஃபேக்டர் 13 புரதம் ஏ, பி என்று இரண்டு பகுதிகளால் ஆனது. முடிச்சுப் போடும் வேலை ஏ பகுதியுடையது. பி அதைத் தாங்கிப் பிடித்துப் பாதுகாப்பது. ஏ பகுதியை எப்படிச் செய்வது என்ற குறிப்பு எஃப்13ஏ1 என்ற மரபணுவில், நம் ஆறாவது குரோமோசோமில், 15 துண்டுகளாக எழுதப்பட்டிருக்கிறது. கடுமையான குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பிழை இந்த மரபணுவில்தான். ஒவ்வொருவரிடமும் இதற்கு இரண்டு பிரதி உண்டு. ஒன்று தகப்பன் கொடுத்தது, ஒன்று தாய் கொடுத்தது. ஒரு பிரதியில் எழுத்துப் பிழை இருந்தாலும் மற்றதை வைத்து உடம்பு சமாளித்துவிடும். பாதி அளவு ஃபேக்டர் கிடைக்கும், அது தாராளமாகப் போதும். இப்படி ஒரு பிழைப் பிரதியோடு இருப்பவரைக் கேரியர் என்கிறோம். அவருக்கு நோய் கிடையாது, தெரியவும் தெரியாது. இரண்டு பிரதியிலும் பிழை இருந்தால்தான் நோய்.

ஆக, உங்கள் பேரனிடம் இருக்கும் இரண்டு பிழைப் பிரதிகளில் ஒன்று உங்கள் மகள் கொடுத்தது, மற்றது உங்கள் மருமகன் கொடுத்தது. இருவரும் கொடுக்காமல் இந்த நோய் வராது. 'பெண் கொண்டுவந்தது' என்பது பாதி உண்மைதான் ஆச்சி. பிள்ளையும் அதே அளவு கொண்டுவந்திருக்கிறான். உங்கள் அண்ணி தன் வீட்டில் யாருக்கும் நோய் இல்லை என்கிறார். உண்மைதான், உங்கள் வீட்டிலும் யாருக்கும் இருந்ததில்லையே. கேரியர்கள் வழியாகத் தலைமுறை தலைமுறையாகச் சத்தமில்லாமல் வரக்கூடியது இது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், அநேகமாக உங்கள் பெற்றோரில் ஒருவரிடம், அப்பச்சியிடமோ ஆத்தாவிடமோ, ஒரு பிழைப் பிரதி இருந்திருக்கும். அது உங்களுக்கும் வந்தது, உங்கள் அண்ணனுக்கும் வந்தது. நீங்கள் மகளுக்குக் கொடுத்தீர்கள், அவர் மகனுக்குக் கொடுத்தார். பிரிந்துபோன இரண்டு பிரதிகளும் பேரனிடம் மறுபடி சேர்ந்துவிட்டன. இப்படிச் சொன்னதும் குற்றம் உங்கள் மேல் வந்ததாக நினைக்காதீர்கள். கண்ணின் நிறத்தை எப்படி யோசித்துக் கொடுக்கவில்லையோ, அப்படித்தான் இதையும். ஒவ்வொரு மனிதரிடமும் இதுபோல வெளியே தெரியாத சில பிழைகள் இருக்கின்றன. என்னிடமும் இருக்கும், எது என்றுதான் தெரியாது.

'கோவில் வேறு, முறையான சம்பந்தம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றியும் சொல்லவேண்டும். நகரத்தாருக்கு இளையாற்றங்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி வரை ஒன்பது கோவில், ஒரே கோவில் பங்காளிகளுக்குள் பெண் எடுப்பதில்லை என்பது எத்தனை தலைமுறையாகக் காத்துவந்த ஒழுங்கு. அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கோவில் தகப்பன் வழியாக மட்டும் வருவது. மரபணு தகப்பன் வழியாகப் பாதி, தாய் வழியாகப் பாதி வருவது. நீங்கள் கல்யாணமாகிப் போனதும் உங்கள் கோவில் மாறியது, உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தக் கோவில்தான். உங்கள் ஆறாவது குரோமோசோம் மாறவில்லை. கோவில் கணக்குப்படி உங்கள் மகளும் உங்கள் அண்ணன் மகனும் வேறு வேறு. ரத்தக் கணக்குப்படி அவர்கள் ஒரே ஐயா, ஆயாவின் பேரப்பிள்ளைகள். மரபணுவுக்குப் பங்காளி, தாயபிள்ளை என்ற வித்தியாசம் தெரியாது.

இது செட்டிநாட்டுக்கு மட்டும் உரியது அல்ல. தமிழ்நாடு முழுக்க, எல்லாச் சமூகத்திலும், அம்மான் மகன், அயித்தை மகள், சில வீடுகளில் தாய்மாமன் என்று கொடுத்துக் கொள்கிறோம். உலகக் கணக்கில் ஃபேக்டர் 13 குறைபாடு 20 முதல் 30 லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் வருகிறது. சொந்தத்துக்குள் மணம் செய்யும் இடங்களில் அதைவிட அதிகம். ஈரானின் தென்கிழக்கில் சீஸ்தான் பலுசிஸ்தான் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அங்கே ஏராளமான குடும்பங்களில் இந்த நோய் உண்டு, அவர்களில் மிகப் பலருக்கு ஒரே எழுத்துப் பிழை. எப்போதோ ஒரு மூதாதையிடம் வந்தது, சொந்தத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து பெருகியிருக்கிறது.

அடுத்து இளையவள் கல்யாணம். முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் உங்கள் அண்ணனும் கேரியர் என்று வைத்துக்கொண்டால் இளையவள் கேரியராக இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. உங்கள் அண்ணனின் இளைய மகனுக்கும் இரண்டில் ஒன்று. இருவருமே கேரியராக இருக்க நான்கில் ஒன்று. அப்படி இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒன்று. எல்லாம் சேர்த்தால், சோதனை எதுவும் செய்யாமல் இந்தக் கல்யாணத்தைச் செய்தால், பிறக்கும் குழந்தைக்கு 16இல் ஒரு பங்கு வாய்ப்பு. 20 லட்சத்தில் ஒன்று எங்கே, 16இல் ஒன்று எங்கே.

ஆனால் இருட்டில் முடிவெடுக்கவேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. இதற்குச் சோதனை இருக்கிறது. முதலில் பேரனுடைய ரத்தத்தில் எஃப்13ஏ1 மரபணுவைப் படித்து, எந்த இடத்தில் என்ன பிழை என்று கண்டுபிடிக்கவேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் அதை ஏற்கெனவே செய்திருக்கக்கூடும், ஃபைலில் பாருங்கள். இல்லையென்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு வேலூர் சிஎம்சியின் ரத்தவியல் துறை தெரிந்த இடம். பிழை இருக்கும் இடம் தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், கொஞ்சம் ரத்தம் எடுத்தாலே ஆயிற்று. இதில் ஒன்று கவனம். யூரியாச் சோதனையை இளையவளுக்குச் செய்துவிட்டு 'நார்மல், கேரியர் இல்லை' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அந்தச் சோதனை ஃபேக்டர் அநேகமாக இல்லவே இல்லை என்றால்தான் காட்டும், கேரியரைக் காட்டாது. ஃபேக்டரின் அளவைப் பார்த்தும் கேரியரை உறுதியாகச் சொல்ல முடியாது. மரபணுச் சோதனைதான் வழி.

இருவரில் ஒருவர் கேரியர் இல்லை என்று வந்தாலும் போதும், இந்த நோய் அவர்கள் குழந்தைக்கு வரும் பயம் நீங்கும். இருவருமே கேரியர் என்று வந்தால், என்னைக் கேட்டால், அந்தச் சம்பந்தம் வேண்டாம். வாய்விட்டுச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கும். பேசி வைத்ததை மாற்றுவது அண்ணன் தங்கைக்குள் எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும், நானும் இந்தப் பக்கத்துக்காரன்தான். ஆனால் அந்தப் பிள்ளையை மயக்கத்தோடு காரில் தூக்கிக்கொண்டு ஓடிய சாயங்காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சோதனை முடிவு வரும் வரை கல்யாணப் பேச்சை அப்படியே நிறுத்தி வையுங்கள். நிச்சயம், பத்திரிகை என்று எதற்கும் நாள் பார்க்கவேண்டாம். இளையவள் கேரியராகவே இருந்தாலும் சொந்தமில்லாத இடத்தில் கொடுத்தால் பயப்பட ஏதுமில்லை. கேரியர் என்பது மாப்பிள்ளை வீட்டில் மறைக்கவேண்டிய குறையும் அல்ல. அவளுக்கு நோய் இல்லை, பிள்ளை பெறுவதிலும் தடை இல்லை.

ஃபேக்டர் 13 குறையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் மணந்தால், பிறவிக் குறையோடு பிறக்கும் குழந்தைகள் சராசரியாக 100க்கு 2 முதல் 3 வரை கூடுகிறார்கள். பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் உங்கள் குடும்பத்தில் ஒரு பிழை ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பொதுக் கணக்கை வைத்து உங்களுக்குச் சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூத்தவளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அவள் இரண்டாவது குழந்தைக்கு நினைத்தால், அந்தக் குழந்தைக்கும் நான்கில் ஒன்று வாய்ப்பு உண்டு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்பதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சீட்டுக் குலுக்குவதுதான். மரபணுப் பிழை தெரிந்திருந்தால் கருவுற்ற 11ஆம் வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துப் பார்க்க முடியும். பார்ப்பதா, பார்த்து என்ன செய்வது என்பது அவளும் மாப்பிள்ளையும் முடிவு செய்யவேண்டியது. இது மருந்து உள்ள நோய், மருந்து போட்டால் பிள்ளை நன்றாக வளரும் என்பதை மட்டும் அந்த முடிவுக்கு முன்னால் அவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். சோதிக்க வேண்டாம் என்று தீர்மானித்தாலும், பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுப்பதைத் தவிர்ப்பார்கள். பிறந்தவுடன் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம், தொப்புள் விழும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. சொந்தக்காரர்களில் யாராவது பெண்ணுக்குக் கரு தங்காமல் திரும்பத் திரும்பக் கலைந்துகொண்டிருந்தால், சின்ன வயதிலிருந்து கசிவுத் தொல்லையும் இருந்தால், அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பிரதியும் பழுதான பெண்களுக்கு மருந்து இல்லாமல் கரு நிலைப்பது மிகக் கடினம். மருந்தோடு நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள்.

பேரனுக்கு ஆயுசு முழுக்க இப்படித்தானா என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், ஆயுசு முழுக்க மருந்து வேண்டும். ஆனால் ரத்தக்கசிவு நோய்களுக்குள் இதற்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. ஹீமோஃபீலியாவில் ஏற்றும் ஃபேக்டர் 8 உடம்பில் 12 மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஊசி போடவேண்டியிருக்கும். ஃபேக்டர் 13 பாதியாக 9 முதல் 14 நாள் ஆகிறது. அதுவும் அவனுக்கு முழு அளவு தேவையில்லை. நூற்றுக்கு ஐந்து பங்கு இருந்தாலே தானாகக் கசிவது பெரும்பாலும் நின்றுவிடும். அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதுமானதாக இருக்கிறது. நாள் தவறாமல் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், படிக்கிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். போன வருஷம் நடந்தது மறுபடி நடக்காமல் இருப்பது அந்த ஒரு தேதியில்தான் இருக்கிறது. மஞ்சள் காப்பு, திருவிழா, கல்யாணம் எது வந்தாலும் அந்தத் தேதியைத் தள்ளாதீர்கள். போன தடவை ஒன்றும் ஆகவில்லையே, இந்த மாதம் விட்டால் என்ன என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். ஒன்றும் ஆகாமல் இருப்பதே ஏற்றியதால்தான்.

கிரையோ என்பது தானம் வந்த ரத்தத்தில் அணுக்களை நீக்கிய நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை உறையவைத்து, குளிரிலேயே மெல்ல உருகவிடும்போது அடியில் தங்கும் பகுதி. 10 முதல் 20 கிலோ எடைக்கு ஒரு பை என்று கணக்கு. அவன் வளர வளரப் பை கூடும், எடை பார்த்து மாற்றச் சொல்லி நினைவூட்டுங்கள். எல்லா ரத்த வங்கியிலும் கிரையோ இருக்காது, ரத்தத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் வசதி இருக்கும் இடத்தில்தான் கிடைக்கும். அதனால் இரண்டு நாள் முன்பே போன் செய்து சொல்லி வைப்பது நல்லது. கிடைக்காத மாதம் பிளாஸ்மாவே ஏற்றிக்கொள்ளலாம். ஃபேக்டர் 13 மட்டும் பிரித்து, கிருமி நீக்கிப் பொடியாக வரும் மருந்தும் உண்டு. அதுதான் சிறந்தது, கிடைப்பதும் விலையும்தான் தடை. மற்றவர் ரத்தத்திலிருந்து வரும் மருந்து என்பதால் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி கட்டாயம் போட்டிருக்கவேண்டும், வருஷம் ஒருமுறை தொற்றுச் சோதனையும் செய்துவிடுங்கள். பேரீச்சை, பீட்ரூட், முருங்கைக்கீரை என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கொடுங்கள், இழந்த ரத்தம் ஊற உதவும். ஃபேக்டர் 13 அதில் ஊறாது. அதைச் செய்யும் சரியான குறிப்பே அவன் உடம்பில் இல்லையே.

காய்ச்சல், வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்றவை வேண்டவே வேண்டாம். தடுப்பூசிகளை விடாதீர்கள், கிரையோ ஏற்றிய ஓரிரு நாளில் மெல்லிய ஊசியால் போட்டு, பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆறு வயசில் பால் பல் ஆடும்போது நூல் கட்டி இழுப்பது, கையால் பிடுங்குவது கூடாது. அதற்கு டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து இருக்கிறது, டாக்டர் தருவார்.

நம் பக்கத்து வீடுகளைப் பற்றிக் கவலையாகத்தான் இருக்கிறது. முகப்பில் உயரத் திண்ணை, வளவில் இறங்கும் கல்படி, ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடித் தரை. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஆபத்து. படி இறங்கும் இடங்களுக்கு ஒரு தட்டி வையுங்கள், தரையைத் துடைத்தவுடன் ஓடவிடாதீர்கள். அதற்காகப் பிள்ளையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரியவும் வேண்டாம், ஓடட்டும், பந்து விளையாடட்டும். தலையில் அடிபட்டால் மட்டும் காத்திருந்து பார்ப்பது கூடவே கூடாது. வாந்தி வரட்டும், தூக்கம் சொக்கட்டும் என்று பார்க்கவேண்டாம், உடனே போங்கள். போனதும் முதலில் கிரையோவோ பிளாஸ்மாவோ ஏற்றச் சொல்லுங்கள், ஸ்கேன் அதன் பிறகு. ராத்திரிப் பணியில் இருக்கும் இளம் டாக்டர் இந்த நோயைப் பார்த்தே இருக்க மாட்டார், அவர் மேல் தப்பில்லை. அதனால் ஒரு அட்டையில் 'கடுமையான ஃபேக்டர் 13 குறைபாடு. பி.டி., ஏ.பி.டி.டி. நார்மலாக இருக்கும். தலையில் அடிபட்டால் ஸ்கேனுக்கு முன் மருந்து ஏற்றவும்' என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கி, ரத்த வகையும் அவருடைய போன் நம்பரும் சேர்த்து, மூன்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று மகளிடம், ஒன்று பள்ளிக்கூடத்தில்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்களும் அண்ணனும் கேரியராக இருந்தால், சாதாரணமாக ஒரு தொல்லையும் இல்லை. சில கேரியர்களுக்குப் பெரிய ஆபரேஷன், பல் பிடுங்கல் சமயத்தில் கொஞ்சம் அதிகம் கசிவதுண்டு. அப்போது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவராக இருந்தால் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தவேண்டாம். உறைதல் குறைந்தாலும் ஆபத்து, வேண்டாத இடத்தில் உறைந்தாலும் ஆபத்து. இதே எஃப்13ஏ1 மரபணுவில், அது செய்யும் புரதத்தின் 34ஆம் இடத்தை மாற்றும் ஒரு சின்ன மாற்றத்தோடு ஆரோக்கியமாக வாழ்கிறவர்கள் உலகில் ஏராளம். அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு ரத்தநாளத்துக்குள் கட்டி உறையும் வாய்ப்பு கொஞ்சம் குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே மரபணுவில் ஒரு மாற்றம் நோய், இன்னொரு மாற்றம் சின்னக் காப்பு.

அண்ணியிடம் நீங்களே போய்ப் பேசி வாதாடவேண்டாம். அடுத்த முறை கிரையோ ஏற்றப் போகும்போது அவரையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த டாக்டரையே படம் போட்டு விளக்கச் சொல்லுங்கள். பேரன் அவருக்கும் பேரன்தான். நாத்தனார் சொன்னால் எடுபடாதது டாக்டர் சொன்னால் எடுபடும்.

காது குத்தலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் குத்தலாம். கிரையோ ஏற்றிய மறுநாள் வருகிற மாதிரி நாள் பாருங்கள். டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அவர் தேதியைச் சரிசெய்து தருவார். மொட்டையும் அன்றைக்கே போட்டுக்கொள்ளலாம், புது பிளேடு, அவசரமில்லாத கை. காதை மட்டும் கோவிலில் வேண்டாம், ஆஸ்பத்திரியில் மெல்லிய ஊசியால் குத்தி, பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்து, கசிவு நின்றதைப் பார்த்துக்கொண்டு, அப்புறம் கோவிலுக்குப் போய் அம்மான் மடியில் உட்காரவைத்துத் தோட்டைப் போடுங்கள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் காதை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். கசிந்தால் அழுத்திப் பிடித்தபடி டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.